சீட்டுக்கு அடியில் ஒரு ஒயர்

சார்லட், வட கரோலினா

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மகளும் பேரனும் சௌக்கியம். பேரன் ‘தாத்தா’ என்பதை மட்டும் தமிழில் சொல்கிறான், மற்றதெல்லாம் இங்கிலீஷ். அத்தை அனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்தது. வழியில் யாரோ பிரித்து மோந்து பார்த்துவிட்டு, தும்மிக்கொண்டே மறுபடி ஒட்டியிருக்க வேண்டும். டேப் கோணலாக இருந்தது.

“சனி, ஞாயிறு ஆனா அங்க என்னதான் மாப்ள பண்ணுவ?” என்று போனில் கேட்டீர்கள். லைன் கெட்டுவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. புல் வெட்டுகிறேன் மாமா. எம்.எஸ். படித்தது இதற்குத்தானா என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவரும் சனிக்கிழமை புல்தான் வெட்டுகிறார்.

வெட்டிய புல்லை யாருக்குப் போடுகிறாய் என்பீர்கள். யாருக்கும் இல்லை. காகிதப் பையில் அடைத்து வாசலில் வைத்தால் நகராட்சி லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும். காங்கேயத்தில் நம் கொறங்காட்டை நினைத்துக்கொள்கிறேன். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் நாலு வெள்வேல மரம், மழை விழுந்தால் தானாக முளைக்கிற கொழுக்கட்டைப் புல். ஒரு குடம் தண்ணீர் யாரும் ஊற்றியதில்லை. காளை மேய்ந்து கொழுத்து, கண்ணபுரம் சந்தையில் விலை போய், வீட்டுக்குக் காசும் வந்தது. இங்கே நிலைமை தலைகீழ். புல்லுக்குத் தண்ணீர், புல்லுக்கு உரம், புல்லுக்குக் களைக்கொல்லி. வளர்ந்ததும் அதைத் தலையெடுக்க விடாமல் வெட்டு.

அது என்ன புல் தெரியுமா? அருகம்புல். நம் பிள்ளையாருக்குப் போடும் அதே அருகம்புல்தான். இங்கே அதற்கு பெர்முடா என்று பேர். நம் ஷெட்டில் நிட்டிங் மெஷினிலிருந்து இறக்கும் துணி ரோல் மாதிரி சுருட்டி லாரியில் கொண்டுவந்து, பணம் வாங்கிக்கொண்டு, வீட்டு வாசலில் விரித்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கோயிலுக்கு ஒரு கட்டு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். “மருந்தடிச்ச புல்ல சாமிக்குப் போடறதா?” என்று உங்கள் மகள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

புல் ஓர் அளவுக்கு மேல் வளர்ந்தால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வரும். மிக மரியாதையான கடிதம். ‘தங்கள் அழகான புல்தரையைத் தாங்கள் கவனிக்க மறந்திருக்கக்கூடும்’ என்று ஆரம்பித்து, அபராதத் தொகையில் முடியும். அதனால்தான் இங்கே கார் வாங்கிய கையோடு புல்வெட்டியும் வாங்குகிறார்கள்.

இந்தப் புல்வெட்டி மெஷின் யாருடைய பிள்ளை தெரியுமா மாமா? நம்மாள் பிள்ளை. துணி மில்லில் பிறந்தது. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்றொரு ஊர், கம்பளித் துணிக்குப் பேர்போனது. அங்கே எட்வின் படிங் என்று ஒரு மெக்கானிக். நெய்து வந்த கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரை, முறுக்கிய கத்திகள் சுற்றும் உருளை ஒன்று ஒரே மட்டமாகச் சீவித் தள்ளுவதை மில்லில் பார்த்தார். துணியைச் சீவுவது புல்லைச் சீவாதா என்று யோசித்து, 1830-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். ஹூடிக்கு ஃபிளீஸ் துணியை ரைசிங் போட்டு, அப்புறம் ஷேரிங் மெஷினில் விட்டு எடுக்கிறோமே, அந்த ஷேரிங் மெஷினுக்கு அடியில் உருட்டிப் போக உருளை மாட்டியதுதான் முதல் புல்வெட்டி. பெரிய வீட்டுக் கனவான்கள் தாங்களே தள்ளிப் பார்த்தால் பொழுதும் போகும், உடம்புக்கும் நல்லது என்று காப்புரிமை விண்ணப்பத்திலேயே எழுதிவைத்தார். கனவான்கள் தள்ளினார்களோ இல்லையோ, நான் தள்ளுகிறேன்.

படிங்கின் கத்தி கத்தரிக்கோல் கணக்காகக் கத்தரித்தது. இப்போது வரும் மெஷின் கத்தரிப்பதில்லை, அடிக்கிறது. கீழே ஒரே ஓர் இரும்புப் பட்டை, எஞ்சின் வேகத்தில் சுழலும். அதன் முனை வேகத்துக்கு இங்கே உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறக்குறைய 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் இரும்புக்குப் புல்லும் ஒன்று, கால் விரலும் ஒன்று. விரல்கள் போய்க்கொண்டே இருந்ததால் அரசாங்கம் ஒரு விதி போட்டது. 1982 ஜூன் 30-க்குப் பிறகு செய்யப்படும் தள்ளுவண்டிப் புல்வெட்டி எதுவானாலும், கைப்பிடியில் உள்ள கம்பியைச் சேர்த்துப் பிடித்திருந்தால்தான் கத்தி சுற்ற வேண்டும்; விட்டால் 3 விநாடிக்குள் நின்றாக வேண்டும். எஞ்சினை ஓட விட்டுக் கத்தியை மட்டும் நிறுத்தவும் வழி உண்டு, ஆனால் அதற்குச் செலவு கூடும். அதனால் பெரும்பாலான கம்பெனிகள் எஞ்சினையே நிறுத்திவிட்டன. நான் போனை எடுக்கக் கையை விட்டால் எஞ்சின் நிற்கும். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறேன் என்று அத்தை கவலைப்பட்டாளாம். நெஞ்சுவலியெல்லாம் இல்லை, கயிறு இழுத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணுகிற களைப்புதான்.

நம் நாட்டிலும் அதற்கு அடுத்த வருஷமே ஒரு சட்டம் வந்தது. வடக்கே கதிரடிக்கும் மெஷினில் கை போனவர்கள் ஏராளம் என்பதால் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் என்று கொண்டுவந்தார்கள். தொழிற்சாலையில் சுற்றுகிற எதற்கும் மூடி போடு என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவிட்டது. மூடியை யார் கழற்றினார்கள் என்ற கதைக்குத்தான் இப்போது வருகிறேன்.

எங்களுக்கு எதிர்வீட்டில் ஒரு பெரியவர். சாக்ஸ் மில்லில் நிட்டிங் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வட கரோலினா ஒரு காலத்தில் சாக்ஸுக்கும் பனியனுக்கும் நம் ஊர் மாதிரிதான். 2005 ஜனவரி 1-ல் உலகக் கோட்டா முறை ஒழிந்ததும், மிச்சமிருந்த மில்களும் ஒவ்வொன்றாகச் சுருங்கின. ஆர்டர்கள் கடல் தாண்டிப் போயின. எங்கே போயின என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷங்களில்தான் மங்கலம் ரோட்டில் நீங்கள் இரண்டாவது ஷெட் போட்டீர்கள். என் ஊர் எது என்று அவர் கேட்டபோது கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். மனுஷர் கோபப்படவில்லை. “அங்கே என்ன கேஜ் ஓட்டுகிறீர்கள்?” என்றுதான் கேட்டார். 24 என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அன்றிலிருந்து சிநேகம்.

அவரிடம் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி ஒன்று உண்டு. சின்ன டிராக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவருக்கு முழங்கால் வலி. அதனால் அவர் வீட்டுப் புல்லையும் நாங்களே வெட்டுவது, பதிலுக்கு வண்டி எங்களுக்கும் என்று ஏற்பாடு. இந்த வண்டிக்கு நம் ஊர்க் கல்யாண வீட்டுப் பெரியவர்களைவிட நிபந்தனை அதிகம். பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாது. கத்தி போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆகாது. கத்தி ஓடும்போது ரிவர்ஸ் எடுத்தால் அணைந்துவிடும். பின்னால் நின்ற குழந்தைகள் அடிபட்ட பிறகு வந்த ஏற்பாடு அது. எல்லாவற்றுக்கும் மேலே சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். கத்தி ஓடும்போது ஓட்டுகிறவர் எழுந்தால், அல்லது விழுந்தால், எஞ்சின் நின்றுவிடும்.

உங்கள் மகளுக்கு இந்த வண்டி மேல் ஆசை வந்துவிட்டது. டி.வி.எஸ். 50-ல் நூல் கோன் மூட்டையை வைத்துக்கொண்டு பல்லடம் ரோட்டில் ஓட்டியவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? ஆனால் அவள் ஏறினால் மட்டும் மேடு பள்ளத்தில் எஞ்சின் பொட்டென்று அணையும். அவள் ஒல்லி, சீட்டு அமுங்கவில்லை, அதனால் சுவிட்ச் அவளை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை என்று நானும் பெரியவரும் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். மடியில் சோனா மசூரி மூட்டையை வைத்து ஓட்டு என்றேன். அன்றிரவு எனக்கு உப்புமா.

கொஞ்ச நாளில் நான் ஓட்டும்போதும் அணைந்தது. அப்புறம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவர் வந்து, சிலிண்டரில் கம்ப்ரெஷன் அளந்து பார்த்து, “ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சின் போச்சு” என்றார். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே புது எஞ்சினுக்கு ஆர்டர் கொடுத்தார். விலை, புது வண்டி விலையில் பாதிக்கு மேல்.

எஞ்சின் மாற்றுவது உங்களுக்குப் பிடித்த வேலை மாமா, பக்கத்தில் நீங்கள் இல்லாத குறைதான். செங்குத்தாகக் கீழே இறங்கும் ஷாஃப்ட். அதன் பருமன் ஓர் அங்குலமா, நீளம் பழையதோடு ஒக்கிறதா, கீ-வே அதே அகலமா, அடியில் நாலு போல்ட் ஓட்டை அதே இடத்தில் இருக்கிறதா என்று நாலையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குதிரைசக்தி அப்புறம். துருப்பிடித்த புல்லி ஷாஃப்ட்டை விட்டு வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. பேரிங் புல்லர் போட்டு, எண்ணெய் விட்டு, இரவு முழுக்க ஊற வைத்து, மறுநாள் ஒரு தட்டு. வந்தது.

ஒயரிங்தான் சூட்சுமம். இந்த எஞ்சினில் பொறி வர பாட்டரி வேண்டியதில்லை. சுற்றுகிற வீலில் ஒரு காந்தம், பக்கத்தில் காயில், மேக்னெட்டோ. டி.வி.எஸ். 50-ல் பார்த்ததுதான். தானாகப் பொறி போடுகிற எஞ்சினை எப்படி நிறுத்துவது? காயிலிலிருந்து வரும் ஓர் ஒயரைப் பாடியில் தொட வைத்தால் பொறி அங்கேயே செத்துவிடும். அதுதான் கில் ஒயர். பக்கத்திலேயே இன்னோர் ஒயர் கார்ப்பரேட்டருக்குப் போகும். அங்கே பெட்ரோலை அடைக்கிற சொலினாய்டுக்கு 12 வோல்ட் வேண்டும். இரண்டையும் மாற்றிக் கொடுத்து, கில் ஒயருக்கு 12 வோல்ட் போனால் புது எஞ்சின் காயில் அந்த நிமிஷமே புகைந்துவிடும். பெரியவர் ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி, பேனாவால் பேர் எழுதித்தான் கழற்றினார். ஃபிட்டர் கை.

எல்லாம் மாட்டிச் சாவியைத் திருப்பினோம். சுற்றியது. சுற்றியது. பிடிக்கவே இல்லை. புத்தம் புது எஞ்சின்!

பெரியவர் தரையில் உட்கார்ந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். பெட்ரோல் கேனைப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார். பிறகு எஞ்சின் பக்கத்திலேயே கில் ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்பார்க் பார்த்தார். நீல நிறத்தில் சுளீரென்று பொறி. எஞ்சினில் கோளாறில்லை, அதைச் சாகச் சொல்லும் ஒயரில்தான் கோளாறு. அந்த ஒயர் பின்னாலேயே கையால் தடவிக்கொண்டு போனோம். பாட்டரிக்குக் கீழே எலி கடித்து, தோல் உரிந்து, செம்பு பாடியில் உரசிக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறும்போதெல்லாம் உரசி அணைந்ததும், கடைசியில் ஒட்டிக்கொண்டு படுத்ததும் அதனால்தான். பழைய எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. சுலபமாகச் சுற்றட்டும் என்று ஸ்டார்ட் ஆகும்வரை வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கிற ஏற்பாடு இந்தச் சின்ன எஞ்சின்களில் உண்டு. கம்ப்ரெஷன் மீட்டர் வைத்தால் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்துத்தான் கடைக்காரர் மரணச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். பழைய எஞ்சின் இப்போது பெரியவர் காரேஜில் துணி போர்த்திக்கொண்டு நலமாக இருக்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஒயரைப் பிடித்துக்கொண்டே சீட்டு வரை போனோம். சீட்டைத் தூக்கினால், சுவிட்சுக்குப் போகும் பிளக் கழன்று தொங்குகிறது. அதன் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, கறுப்பு டேப் சுற்றி, ஒழுங்காக கிளிப் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த வண்டியில் ஆள் உட்கார்ந்தால்தான் சுவிட்ச் சேரும். அது சேர்ந்தால் ஒரு ரிலேவுக்குக் கரண்ட் போகும். ரிலே விழித்திருக்கும்வரை கில் ஒயர் பாடியைத் தொடாது. பிளக்கைச் சும்மா பிடுங்கினால் எஞ்சின் நின்றுவிடும் என்று தெரிந்த ஆள்தான் ஒயர் போட்டு இணைத்திருக்கிறான். சீட்டில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வண்டி வருஷக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தது. பெரியவருக்கு இது தெரியாது. அவருக்கு விற்றவன் வேலை. அவனும் கெட்டவனாக இருக்க மாட்டான். ஸ்பிரிங் துருப்பிடித்து மேட்டில் மேட்டில் அணைந்திருக்கும், சலித்துப்போய்ச் செய்திருப்பான்.

உங்கள் மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், “அன்னைக்குப் பையன் பந்து உருண்டு வந்துச்சுன்னு இறங்கி எடுத்தனே, எஞ்சின் நிக்கவே இல்லையே. நான் லேசுன்னே அணையுதுன்னா, இறங்கினப்போ நின்னுருக்கணுமே?” என்றாள். பெரியவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சீட்டு அவளை மதிக்கவில்லை என்று கேலி பண்ணினோமே, அந்தச் சீட்டுக்கு வாயே கட்டிப் போட்டிருந்தது.

புது சுவிட்ச் இரண்டு பீட்சா விலை. மாட்டியாயிற்று. இப்போது எழுந்தால் நிற்கிறது. உங்கள் மகள் உட்கார்ந்தால் ஓடுகிறது. அவளையும் ஆள் என்று ஒத்துக்கொண்டுவிட்டது.

பெரியவரிடம் நம் ஊர் ஆடிட் கதையைச் சொன்னேன். பையர் ஆடிட் வருகிற அன்று பவர் டேபிளில் எல்லா மெஷினுக்கும் ஊசியை மறைக்கும் நீடில் கார்டு முளைப்பதையும், கட்டிங் மாஸ்டர் இரும்புக் கையுறையோடு மாப்பிள்ளைக் களையில் நிற்பதையும், உடைந்த ஊசித் துண்டை ஒட்டும் நோட்டில் ஒரே நாளில் மூன்று மாதத்து ஊசி ஏறுவதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மில்லிலும் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் இரவு மூடிகளைத் தேடித் தேடி மாட்டுவார்களாம். பெரும்பாலும் அவை பெயிண்ட் டப்பா வைக்கும் பலகையாகத்தான் கிடைக்குமாம்.

தொழிலாளியைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது மாமா. பீஸ் ரேட்டில் தைக்கிற டெய்லருக்குக் கார்டு கண்ணை மறைத்தால் அன்றைய சம்பளம் குறைகிறது. பஞ்சு படிந்து சென்சார் காரணமில்லாமல் நின்றால், துணியில் ஸ்டாப் லைன் விழுகிறது, பார்ட்டி பில்லில் பிடிக்கிறான். சும்மா சும்மா நிற்கிற சுவிட்சை எந்த ஊர்க்காரனும் கட்டித்தான் போடுவான், அமெரிக்காக்காரனும் கட்டிப் போடுகிறான். சுவிட்சைத் துடைத்து ஒழுங்காக ஓட வைப்பது முதலாளி செலவு. அதைக் கட்டிப் போடுவது தொழிலாளி தலையில் விடிகிறது. கட்டியவனுக்காவது தெரியும், அவன் கையை உள்ளே விட மாட்டான். அடுத்து வருகிறவனுக்கு யார் சொல்வது?

இதெல்லாம் எதற்குச் சுற்றி வளைத்து எழுதுகிறேன் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நம் 4-ம் நம்பர் மெஷினில் துணி ரோல் சுற்றுகிற இடத்துக் கதவு சென்சாரில் ஒரு காந்தத்தை ஒட்டி வைத்திருந்தீர்கள். கதவு திறந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நினைத்து ஓடும். நைட் ஷிஃப்டில் அதிர்வில் கதவு ஆடி நின்றுகொண்டே இருந்தது, அதனால் ஒட்டினீர்கள். நானும் கூட இருந்தேன். அப்போது அந்த மெஷினை ஓட்டியவர் மணி அண்ணன், அவருக்கு அது தெரியும். அவர் இப்போது சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்றும், ஒடிஷாவிலிருந்து வந்த ஒரு பையன் ஓட்டுகிறான் என்றும் அத்தை சொன்னாள். இந்தி தெரிந்தவர் நம் ஷெட்டில் சூபர்வைசர் மட்டும்தான், அவரும் பகல் ஷிஃப்ட்.

கதவு கீலில் ஒரு வாஷர் போட்டு இறுக்கினால் ஆட்டம் நிற்கும். ஐந்து நிமிஷ வேலை. காந்தத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் மாமா. எடுத்ததும் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், உங்கள் மகள் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை